வயலைப் படம் பிடிக்க எந்த கேமரா? பிடித்த படத்தைப் பத்திரப்படுத்த என்ன வழி?

போன வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த சமயம். மதுராந்தகம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, பீர்க்கன்கரணையில் இருக்கும் என் வீட்டைத் தேடி வந்தார். கையில் மஞ்சள் பை. பைக்குள் சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம். சட்டைப் பையில் செல்போன்.

"சார், ரெண்டு ஏக்கர் சம்பா. பூ எடுக்குற நேரத்துல ஆறு நாள் தண்ணியில நின்னுச்சு. கணக்கெடுக்க ஆளுங்க வர்றதுக்குள்ள தண்ணி வடிஞ்சு, பயிர் பச்சையா நிமிர்ந்துடுச்சு. பார்க்குறவங்களுக்கு நல்ல பயிராத்தான் தெரியும். உள்ளே பூரா பதர். 'தண்ணி நின்னப்ப எடுத்த படம் இருக்கா'ன்னு கேட்டாங்க. நாற்பது படம் எடுத்திருந்தேன் சார். ஒண்ணுகூட உதவலை."

போனை வாங்கிப் பார்த்தேன். படங்கள் இருந்தன. ஆனால் எல்லாமே வாட்ஸ்அப்பில் மகனுக்கு அனுப்பிய நகல்கள். அசல் படங்கள் இல்லை. போனில் இடம் இல்லை என்று செய்தி வந்ததும், அசலை அழித்துவிட்டிருக்கிறார். அந்த நகல்களில் எந்த நாள், எந்த இடம் என்ற விவரம் ஒட்டியிருக்கவில்லை. படத்திலும் தண்ணீர், தண்ணீர், தண்ணீர்தான். வரப்போ, கிணறோ, மின்கம்பமோ எதுவும் இல்லை. அது யாருடைய வயல் என்று எடுத்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

போனில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? தினமும் வந்து குவிந்த 'காலை வணக்கம்' படங்களும், சினிமாக் காட்சிகளும்தான். பூ வைத்த காலை வணக்கம் இருந்தது. பதரான சம்பா போய்விட்டது.

"போனது போகட்டும் சார். அடுத்த போகத்துக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க. நல்ல கேமரா ஒண்ணு வாங்கிடட்டுமா?" என்றார்.

நம் இதழுக்கு வரும் கேள்விகளிலும் இதே கவலை அடிக்கடி எட்டிப் பார்க்கிறது. அவருக்குச் சொன்னதை எல்லோருக்குமாக விரிவாக எழுதுகிறேன்.

படம் இப்போது ஒரு ஆவணம்

முன்பெல்லாம் கல்யாணம், காதுகுத்துக்குத்தான் கேமரா. இப்போது விவசாயத்துக்கும் அது ஒரு கருவி. எங்கெல்லாம் படம் தேவைப்படுகிறது என்று பாருங்கள்.

முதலாவது, பயிர்க் காப்பீடு. 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஊர் முழுக்கப் பரவலாக மகசூல் குறைந்தால், பயிர் அறுவடைப் பரிசோதனையில் கிடைக்கும் சராசரி மகசூலை வைத்துத்தான் இழப்பீடு கணக்கிடப்படும். அங்கே உங்கள் தனிப் படத்துக்கு வேலை இல்லை. ஆனால், ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போலக் குறிப்பிட்ட வயலை மட்டும் பாதிக்கும் இழப்புக்கும், அறுத்து வயலில் காயப் போட்ட பயிர் 14 நாள்களுக்குள் புயல் மழையில் கெட்டுப்போவதற்கும், தனி வயல் அளவில் ஆய்வு உண்டு. அதற்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். பயிர்க் காப்பீட்டுச் செயலியிலும், 14447 என்ற உதவி எண்ணிலும் சொல்லலாம். நெல் வயல் நீரில் மூழ்குவது 2018-ல் இந்தத் தனி வயல் இழப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. 2026 கரீஃப் பருவத்திலிருந்து அதை மறுபடியும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. செயலியில் இட விவரம் பதிந்த படத்தை ஏற்ற வேண்டும் என்பதும் அந்த அறிவிப்பில் உண்டு. உங்கள் பயிருக்கும் பருவத்துக்கும் எது பொருந்தும் என்பதை, பிரீமியம் கட்டும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, பேரிடர் நிவாரணம். பயிர்ச்சேதம் 33 சதவிகிதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் இடுபொருள் நிவாரணம். சேதத்தைக் கணக்கெடுக்கும் நாளில் வயல் வேறு மாதிரி இருக்கலாம். சேதம் நடந்த நாளின் படம் உங்கள் பக்கம் பேசும்.

மூன்றாவது, கால்நடைக் காப்பீடு. காதுத் தோடு தெளிவாகத் தெரியும்படி, மாட்டின் முழு உருவத்தோடு ஒரு படம் வைத்திருப்பது பாலுக்கு மாடு வளர்க்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் அவசியம்.

நான்காவது, எனக்கு மிகவும் பிடித்தது: பூச்சி, நோயைக் கண்டறிவது. இலையைப் பறித்துக்கொண்டு அலுவலகத்துக்கு வருவதற்குள் அது வாடிச் சுருண்டுவிடும். நல்ல படம் வாடாது.

கேமராவா, செல்போனா?

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன நான்கு வேலைகளுக்கும் ஒரு சுமாரான ஸ்மார்ட்போனே போதும். கடன் வாங்கித் தனி கேமரா வாங்க வேண்டாம். போனில் இருக்கும் ஜி.பி.எஸ். வசதி, படத்தோடு இடத்தையும் பதிந்துவிடும். சாதாரண கேமராக்கள் பலவற்றில் அது கிடையாது. படத்தை உடனே அனுப்பவும் போன்தான் வசதி.

போன் வாங்கும்போது கடைக்காரர் முதலில் சொல்வது மெகாபிக்சல் கணக்கு. "48, 50, 108" என்று அடுக்குவார். மெகாபிக்சல் என்பது படத்தில் எத்தனை லட்சம் புள்ளிகள் இருக்கின்றன என்பதன் கணக்கு. 1 மெகாபிக்சல் என்றால் 10 லட்சம் புள்ளி. ஆறுக்கு நான்கு அங்குலத்தில் படம் அச்சிட 2 மெகாபிக்சலுக்குச் சற்று அதிகமாக இருந்தாலே போதும். ஏ4 தாள் அளவில் அச்சிட 9 மெகாபிக்சல் தாராளம்.

நாற்றங்காலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்ட் நாற்றங்காலில் அளவுக்கு மீறி விதையைக் கொட்டினால் என்ன ஆகும்? நாற்று எண்ணிக்கை அதிகம். ஆனால் ஒவ்வொன்றும் நூல் மாதிரி மெலிந்திருக்கும். கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சென்சாரும் அப்படித்தான். சின்ன சென்சாரில் புள்ளிகளை நெருக்கினால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறையும். அதனால்தான் 108 மெகாபிக்சல் போன்கள் சாதாரணமாக எடுக்கும்போது ஒன்பது ஒன்பது புள்ளிகளைச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகவே கொடுக்கின்றன. எனவே எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள்.

அதற்குப் பதிலாக இவற்றைப் பாருங்கள்:

• பிரதான கேமராவில் ஆட்டோ ஃபோகஸ் இருக்கிறதா? தொட்ட இடம் தெளிவாக வருகிறதா? கடையிலேயே ஒரு ரூபாய் நோட்டின் சின்ன எழுத்தைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

• போனின் உள் சேமிப்பு குறைந்தது 128 ஜி.பி. இருக்கட்டும்.

• மெமரி கார்டு போட இடம் இருக்கிறதா? புதிய போன்கள் பலவற்றில் அது இல்லை.

• விலை குறைந்த போன்களில் '2 மெகாபிக்சல் மேக்ரோ' என்று தனி லென்ஸ் கொடுப்பார்கள். அது பெரும்பாலும் எண்ணிக்கைக்குத்தான். பூச்சியை எடுக்க அதை நம்ப வேண்டாம். பிரதான கேமராவில் ஒரு சாண் தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டிக்கொள்வது நன்றாக வரும்.

தனி கேமரா யாருக்குத் தேவை? தூரத்துப் பறவை, காட்டுப்பன்றி போன்றவற்றை எடுப்பவர்களுக்கும், பண்ணை, நாற்றுப்பண்ணை, மதிப்புக்கூட்டிய பொருள் என்று விற்பனைக்காக நிறையப் படம் எடுப்பவர்களுக்கும், குடும்பத்தில் யாராவது போட்டோ எடுப்பதையே தொழிலாகக் கற்க நினைத்தால் அவர்களுக்கும் தேவை. அப்படி வாங்கும்போது 'ஆப்டிகல் ஜூம்' எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். அது லென்ஸே நகர்ந்து தூரத்துப் பொருளைக் கிட்டே கொண்டுவருவது. 'டிஜிட்டல் ஜூம்' என்பது இருக்கும் படத்தை இழுத்துப் பெரிதாக்குவது. அதில் புது விவரம் எதுவும் கிடைக்காது.

எங்கள் பக்கத்து ஆள்கள் பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறி, சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ப் பழைய கேமரா வாங்கி வருவது உண்டு. தவறில்லை. மூன்று விஷயங்களைச் சோதியுங்கள். அந்த மாடலுக்கு பேட்டரி இன்னும் கிடைக்கிறதா? லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே வெள்ளை நூல் மாதிரிப் பூஞ்சணம் தெரிகிறதா? எந்த அளவு வரை மெமரி கார்டை ஏற்கும்? 'எஸ்.டி.ஹெச்.சி.' வரை மட்டும் ஏற்கும் பழைய கேமராவில் 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டு வேலை செய்யாமல் போகலாம்.

பூச்சியைக் காட்டும் படம் எது?

"இலை மஞ்சளா இருக்கு, என்ன மருந்து அடிக்கட்டும்?" என்று ஒரே ஒரு இலையின் படம் வரும். அதை வைத்து நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறையாக இருக்கலாம். நுனிக் குருத்து நரம்புக்கு நடுவே வெளுத்தால் இரும்புச்சத்துக் குறையாக இருக்கலாம். எந்த இலை என்று தெரியாமல் எப்படிச் சொல்வது?

நெல்லில் நடுவில் சாம்பல் நிறத்தோடு கண் வடிவில் புள்ளி இருந்தால் குலை நோய். வட்டமாகவோ நீள்வட்டமாகவோ பழுப்புப் புள்ளி இருந்தால் செம்புள்ளி நோய். நுனியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் அலை அலையாகக் காய்ந்து வந்தால் பாக்டீரியா இலைக்கருகல். மூன்றுமே மங்கலான படத்தில் 'காய்ந்த இலை'தான். குலை நோய்க்கு அடிக்கும் பூஞ்சணக் கொல்லி பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. மங்கிய ஒரு படத்துக்காக ஒரு டேங்க் மருந்தும், ஆள் கூலியும் வீண்.

புகையான் இன்னொரு உதாரணம். வயலில் வட்ட வட்டமாக எரிந்த மாதிரித் தெரிவதைத்தான் எல்லோரும் எடுத்து அனுப்புகிறார்கள். பூச்சி இருப்பதோ தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. பயிரை விலக்கி அடித்தூரை எடுத்தால்தான் தெரியும்.

2018-ல் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்டு நம் மக்காச்சோளத்துக்கும் வந்து சேர்ந்த அமெரிக்கப் படைப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். தலையில் தலைகீழ் 'ஒய்' எழுத்து மாதிரி ஒரு கோடு. வாலுக்குப் பக்கத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளி. இந்த இரண்டும் படத்தில் விழுந்தால் பதில் உடனே கிடைக்கும். தென்னையில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈயா என்று அறிய, ஓலையின் அடிப்பக்கத்தை எடுக்க வேண்டும். மேல்பக்கத்தில் தெரிவது அதன் கழிவில் வளர்ந்த கரும்பூஞ்சணம் மட்டுமே.

எனவே எப்போதும் நான்கு படம் எடுங்கள்:

1. கிணறு, மின்கம்பம், கோயில் கோபுரம், பனைமரம் என ஏதாவது ஒரு நிலையான அடையாளம் தெரியும்படி முழு வயல்.

2. வேர் முதல் நுனி வரை ஒரு முழுச் செடி. முடிந்தால் பக்கத்தில் ஒரு நல்ல செடியும்.

3. பாதித்த பாகம். இலை என்றால் மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டும்.

4. பூச்சி அல்லது புள்ளி, கிட்டத்தில். அளவு தெரிய ஒரு தீக்குச்சியைப் பக்கத்தில் வையுங்கள்.

காலை ஏழு முதல் ஒன்பது மணி வரை வெளிச்சம் மென்மையாக இருக்கும். உச்சி வெயிலில் எடுக்க நேர்ந்தால் குடையையோ உங்கள் நிழலையோ செடிமேல் விழச் செய்யுங்கள். இலைக்குப் பின்னால் வெள்ளைத் தாள் பிடித்தால் விவரம் எடுப்பாகத் தெரியும். எடுக்கும் முன் லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். வயலில் மங்கலாக வரும் படத்தில் பாதி, வியர்வைக் கை பட்டதால் வருவது.

என் சட்டைப் பையில் எப்போதும் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கை லென்ஸ் ஒன்று இருக்கும். அதைப் போனின் கேமராவை ஒட்டிப் பிடித்தால், இலைப்பேனின் கால்கூடத் தெரியும். ஆயிரக்கணக்கில் செலவழித்து மேக்ரோ லென்ஸ் வாங்க வேண்டியதில்லை.

ஆதாரத்துக்கான படம் என்றால், போன் கேமராவின் செட்டிங்கில் 'லொகேஷன்' இயக்கத்தில் இருக்கட்டும். நாள், நேரம், இடம் ஆகியவற்றைப் படத்தின் மேலேயே அச்சிட்டுத் தரும் ஜி.பி.எஸ். கேமரா செயலிகளும் இருக்கின்றன.

எடுத்த படம் எங்கே இருக்கிறது?

இங்கேதான் நம் மதுராந்தகம் விவசாயி ஏமாந்தார். நானும் ஒருமுறை ஏமாந்தவன்தான்.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பகுதியில் யாரும் மறக்க மாட்டார்கள். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர். முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் வெள்ளக்காடு. எங்கள் வீட்டிலும் இடுப்பளவுத் தண்ணீர். கம்ப்யூட்டர் கீழே இருந்தது. அதில்தான் 12 வருடம் வயல் வயலாகப் போய் எடுத்த படங்கள்: பப்பாளி மாவுப்பூச்சி பரவிய காலம், அதைக் கட்டுப்படுத்த 2010-ல் வெளிநாட்டிலிருந்து வந்த ஒட்டுண்ணிக் குளவியை விட்ட பிறகு மரங்கள் தேறிய காட்சி, அம்மா கடைசியாக ஊருக்கு வந்த பொங்கல். 'பத்திரமா இருக்கட்டும்' என்று நகல் எடுத்து வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கும் அதே மேசையின் கீழ் டிராயரில்தான் இருந்தது. இரண்டும் ஒன்றாக நனைந்தன.

விதை நெல்லை ஒரே குதிரில் போட்டு வைக்கக்கூடாது என்று ஊர் ஊராகச் சொன்னவன், படத்துக்கு அதைச் செய்யவில்லை.

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் எழுதிவைத்த ஒரு கணக்கு உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. 3-2-1 என்று சொல்வார்கள். முக்கியமான படம் மூன்று பிரதியாக இருக்க வேண்டும். இரண்டு வகைச் சாதனத்தில் இருக்க வேண்டும். ஒரு பிரதி வேறு இடத்தில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பிரதி இருந்தது. வேறு இடம் இல்லை.

எந்தச் சாதனம், எதற்கு?

மெமரி கார்டு: ஒரு சாதாரண 12 மெகாபிக்சல் படம் சுமார் 4 எம்.பி. இருக்கும். 32 ஜி.பி. கார்டில் ஏறக்குறைய 7,000 படம் கொள்ளும். வீடியோ எடுத்தால் கணக்கு மாறும். நிமிடத்துக்கு 100 எம்.பி.யைத் தாண்டிவிடும். கார்டின் மேல் வட்டத்துக்குள் 10 என்று இருந்தால் நொடிக்குக் குறைந்தது 10 எம்.பி. எழுதும். படத்துக்கு அது போதும். 4கே வீடியோ எடுப்பவர்கள் 'யு' எழுத்துக்குள் 3 அல்லது 'வி30' என்று இருப்பதை வாங்குங்கள். கார்டு எடுத்துச் செல்வதற்கான பை மாதிரி. அதையே நிரந்தரக் குதிராக வைத்துக்கொள்ளக்கூடாது.

போலி கார்டுகள் நிறைய. மேலே 512 ஜி.பி. என்று அச்சிட்டிருக்கும், உள்ளே 16 கூட இருக்காது. போன் திரையிலும் 512 என்றே காட்டும்படி ஏமாற்றி வைத்திருப்பார்கள். நிரம்பிய பிறகு எடுக்கும் படங்கள் திறக்காது. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள். பில் கேளுங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் 'ஹெச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச மென்பொருளால் உண்மைக் கொள்ளளவைச் சோதித்துச் சொல்வார்கள்.

பென் டிரைவ்: விலை குறைவு, சட்டைப் பையில் அடங்கும். ஓ.டி.ஜி. வகை வாங்கினால் கம்ப்யூட்டர் இல்லாமலே போனில் நேரடியாகச் செருகலாம். ஆனால் இதிலும் மெமரி கார்டிலும் தகவல் இருப்பது நுண்ணிய மின்னேற்றமாக. வருடக்கணக்கில் செருகாமல் போட்டுவைத்தால் அது மெல்லக் கசியும். தகரக் கூரைச் சூட்டில் இன்னும் சீக்கிரம் போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருகிப் பாருங்கள்.

வெளி ஹார்ட் டிஸ்க்: நிறையப் படம், வீடியோ வைத்திருப்பவர்களுக்கு ஜி.பி. கணக்கில் பார்த்தால் இதுதான் மலிவு. உள்ளே சுழலும் தட்டு இருப்பதால், ஓடும்போது கீழே விழுந்தால் அதோடு சரி. எஸ்.எஸ்.டி. என்பதில் சுழலும் பாகம் இல்லை, அதிர்ச்சி தாங்கும், வேகம் அதிகம், விலையும் அதிகம்.

இணையச் சேமிப்பு: கூகுள் கணக்கு ஒவ்வொன்றுக்கும் 15 ஜி.பி. இலவசம். மின்னஞ்சல், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் இந்த அளவு. 2021 ஜூன் 1-க்கு முன்பு போல இப்போது அளவில்லா இலவசம் கிடையாது. ஆனாலும் வயல் ஆதாரப் படங்களை மட்டும் ஏற்றினால் பல வருடத்துக்குப் போதும். வெள்ளம் வந்தாலும், போன் திருடுபோனாலும் இது தப்பும். கடவுச்சொல்லை நோட்டில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.

காகிதப் பிரதி: இதை மறந்துவிட்டோம். வருடத்துக்கு இருபது குடும்பப் படங்களையாவது அச்சிட்டு ஆல்பத்தில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் வெள்ளத்துக்குப் பிறகு மிஞ்சியது, பரணில் இருந்த பழைய ஆல்பம் ஒன்றுதான்.

ஒரு வீட்டுக்கு எளிய ஏற்பாடு

மதுராந்தகம் விவசாயிக்கு நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்.

போனில் வாட்ஸ்அப் செட்டிங்கில் படங்கள் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்துவது. 'வயல்' என்று ஒரு தனி ஆல்பம் உருவாக்கி, நாற்று நட்ட நாள், தூர் கட்டும் பருவம், பூக்கும் பருவம், அறுவடை என்று போகத்துக்கு நான்கு முறை ஒரே இடத்தில் நின்று படம் எடுப்பது. சேதம் வந்தால் அன்றைக்கே எடுப்பது. அந்த ஆல்பத்தை இணையச் சேமிப்பில் ஏற்றுவது. போகம் முடிந்ததும் 64 ஜி.பி. ஓ.டி.ஜி. பென் டிரைவ் ஒன்றில் நகல் எடுத்து, அதை வேறு ஊரில் இருக்கும் மகள் வீட்டில் கொடுத்து வைப்பது. அசல் போனில், ஒன்று இணையத்தில், ஒன்று மகள் வீட்டில். 3-2-1 கணக்கு முடிந்தது. செலவு ஒரு பென் டிரைவ் மட்டும்.

படத்தை யாருக்காவது அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் 'போட்டோ'வாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்'டாக அனுப்புங்கள். அப்போதுதான் படம் சுருங்காமல், நாளும் இடமும் ஒட்டியபடியே போய்ச் சேரும்.

வாசகர்கள் கேட்டவை

*மெமரி கார்டில் இருந்த படங்களைத் தவறுதலாக அழித்துவிட்டேன். திரும்பக் கிடைக்குமா?*

கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அந்தக் கார்டில் அதற்குப் பிறகு ஒரு படம்கூட எடுக்கக்கூடாது. அழித்த படம் உடனே போய்விடுவதில்லை; 'இந்த இடம் காலி' என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். புதுப் படம் அதன் மேல் எழுதினால்தான் முழுசாகப் போகும். உடனே கார்டை வெளியே எடுத்து, 'போட்டோரெக்' போன்ற இலவச மென்பொருளால் தேடச் சொல்லுங்கள். அதற்கு முன் கூகுள் போட்டோஸில் 'குப்பைத் தொட்டி'யைப் பாருங்கள். பலருடைய படம் அங்கேயே இருக்கும்.

*கேமராவைத் தோல் உறையில் வைத்து பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். லென்ஸில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. ஏன்?*

விதை ஈரத்தோடு மூட்டை கட்டினால் என்ன ஆகுமோ அதுதான். தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நீல நிற வகை வெளிறிய சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள்; சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரிசியில் புதைக்காதீர்கள்; தவிட்டுத் தூசி உள்ளே போகும். மாதம் இரண்டு முறை கேமராவை வெளியே எடுத்துப் பயன்படுத்துவது எல்லாவற்றையும்விட நல்லது.

*பழைய போனை மாற்றும்போது படங்கள் அடுத்தவர் கைக்குப் போகாமல் தடுப்பது எப்படி?*

முதலில் நகல் எடுங்கள். பிறகு மெமரி கார்டையும் சிம்மையும் எடுத்துவிட்டு, கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, 'ஃபேக்டரி ரீசெட்' செய்யுங்கள். ஆதார், வங்கிப் புத்தகம், பட்டா ஆகியவற்றின் படங்களைப் பலர் கேலரியிலேயே வைத்திருக்கிறோம். ரிப்பேருக்குக் கொடுக்கும்போதுகூட கார்டை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

*சி.டி.யில் எழுதிய கல்யாணப் படங்கள் இருக்கின்றன. அப்படியே வைத்திருக்கலாமா?*

இப்போதே வேறு சாதனத்துக்கு மாற்றுங்கள். சி.டி. கெட்டுப்போவது ஒரு பக்கம்; அதைப் போட்டுப் படிக்கும் கருவியே புதிய கம்ப்யூட்டர்களில் இல்லை. தெரிந்த ஸ்டுடியோவிலோ, இ-சேவை மையத்திலோ டிரைவ் இருந்தால் நகல் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

உலகின் முதல் டிஜிட்டல் கேமராவை 1975-ல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் செய்தார். ஒரு படத்தை கேசட் நாடாவில் பதிய 23 நொடி ஆனது. அதில் இருந்தது வெறும் 10,000 புள்ளி. இன்று நம் கைக்குள் இருப்பது அதைவிட ஆயிரம் மடங்கு நுணுக்கமானது. அதை வைத்துக்கொண்டு ஒரு விவசாயி தன் நஷ்டத்தைக் காட்ட முடியாமல் திரும்பக்கூடாது.

இந்த இதழைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். நாளைக் காலை வயலுக்குப் போகும்போது, போன் செட்டிங்கில் 'லொகேஷன்' இயக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். கிணற்றோடு சேர்த்து வயலை ஒரு படம் எடுங்கள். நல்ல பயிராக இருக்கும்போதே எடுத்து வையுங்கள். நல்ல பயிரின் படம் கையில் இருந்தால்தான், கெட்டதைக் கெட்டது என்று நாளைக்கு நிரூபிக்க முடியும்.